அம்மா நாயுடுவின் சமையலறை

(எங்கள் குழுவின் இணையவழி அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையை ஓரளவு அப்படியே விட்டிருக்கிறேன்.)

ஷார்ஜா, துபாய், அபுதாபியிலிருந்தும் மஸ்கட், தோஹா, குவைத்திலிருந்தும் இணைஞ்சிருக்கீங்க. ஷிப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து இயர்போனில் கேட்கிறவங்களும் இருக்கீங்கன்னு தெரியும். நெட் கட்டானா பரவாயில்லை, முழுசும் மெயிலில் வந்துடும்.

"அர்ப்பணிப்புள்ள இல்லத்தரசி, சமூகத் தொண்டர் ஒருவரின் வாழ்வை நினைவுகூர்தல்" என்பதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. படிச்சதும் பேப்பரில் வர்ற கண்ணீர் அஞ்சலி விளம்பரம்தான் ஞாபகம் வந்தது. ஆண் இறந்தா என்ன வேலை பார்த்தார், எந்தச் சங்கத்தில் என்ன பொறுப்பு என்று போடுவாங்க. பெண் இறந்தா "தன்னலமற்ற", "பாசமிகு", "குலவிளக்கு" என்று போடுவாங்க. அவங்க காலையிலிருந்து ராத்திரி வரை என்ன செஞ்சாங்க என்பது அதில் ஒரு வரிகூட இருக்காது. அதனால நான் இன்னைக்கு குணத்தை விட்டுட்டு வேலையைப் பற்றிப் பேசப்போறேன்.

வளைகுடாவில் அப்படி வாழ்ந்த பெண்கள் ஏராளம். ஆனா அவங்களில் ஒருத்தரோட வாழ்க்கையை எடுத்துப் பேசலாம்னு உட்கார்ந்தா, கையில் பிடிக்க ஒரு காகிதம்கூட இல்லை. ஏன் இல்லை என்பதற்குப் பிறகு வர்றேன். முதலில் காகிதம் இருக்கிற இடத்துக்குப் போகலாம். தென்னாப்பிரிக்கா. ஜோஹன்னஸ்பர்க் நகரம், டூர்ன்ஃபொன்டெய்ன் பகுதி, ராக்கி தெருவில் ஒரு வீடு. அந்த வீட்டுக்காரங்க பேர் மனோன்மணி நாயுடு.

எல்லாரும் அவங்களை அம்மான்னுதான் கூப்பிட்டாங்க. ஆங்கிலப் புத்தகங்களில் ஒரு எழுத்து குறைஞ்சு "ஆமா நாயுடு" மாதிரி ஆகியிருக்கு. எதுக்கெடுத்தாலும் ஆமாம்னு சொன்னவங்க இல்லை, அது மட்டும் நிச்சயம்.

1908-ல் பிரிட்டோரியாவில், ஆசியாட்டிக் பஜார் என்று அரசாங்கம் இந்தியர்களுக்கு ஒதுக்கின பகுதியில், பிள்ளை குடும்பத்தில் பிறந்தவங்க. கல்யாணம் பண்ணிக்கிட்டது நாராயணசாமி நாயுடுவை. ராய் நாயுடுன்னு சொல்வாங்க. அவர் தம்பி நாயுடுவோட மகன். தம்பி நாயுடு மொரீசியஸில் பிறந்தவர், ஜோஹன்னஸ்பர்க் தமிழர் நலச் சங்கத்தின் தலைவர், காந்தியோடு சத்தியாகிரகத்தில் இறங்கிப் பலமுறை சிறை போனவர். காந்தி வரலாற்றில் அவர் பேர் வரும். அவர் மனைவி வீரம்மாள் பேர் அவ்வளவா வராது. அங்கே ஒரு நிமிஷம் நிற்கணும்.

1913 மார்ச்சில் கேப் டவுனில் ஒரு நீதிபதி, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பலதாரத்தை அனுமதிக்கிற மதத்து முறையில் நடந்த கல்யாணம் சட்டப்படி செல்லாதுன்னு தீர்ப்பு சொன்னார். ஒரே நாளில் ஆயிரக்கணக்கான இந்தியப் பெண்கள் சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லைன்னு ஆயிட்டாங்க. மனைவி இல்லைன்னா நாட்டுக்குள் வர, இருக்க உரிமை இல்லை. அந்த வருஷம் டிரான்ஸ்வாலிலிருந்து கிளம்பி நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய், வேலைநிறுத்தம் செய்யச் சொல்லித் தொழிலாளர்களிடம் பேசினது யார்? பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். வீரம்மாளும் அவங்களில் ஒருத்தர். சிலர் இடுப்பில் கைக்குழந்தையோடு போனாங்க. மூணு மாசம் கடுங்காவல் கிடைச்சது. நம்ம ஊர்ப் பாடப்புத்தகத்தில் தில்லையாடி வள்ளியம்மை இருக்காங்க. மத்தவங்க இல்லை.

சட்டம் முதலில் கை வைச்சது "மனைவி" என்கிற சொல்லின் மேல். வளைகுடாவுக்கு வரும்போது இது தேவைப்படும்.

சரி, மனோன்மணி அம்மா. ராய் நாயுடு டாக்டர் யூசுஃப் தாதூவோடு டிரான்ஸ்வால் இந்திய காங்கிரஸில் இருந்தவர், கம்யூனிஸ்ட். 1953-ல் இறந்துட்டார். சாந்தி, இந்திரஸ், மூர்த்தி, ராம்னி, பிரேமா என்று அஞ்சு பிள்ளைகள். அந்த விதவையோட வீடு அடுத்த நாப்பது வருஷம் கதவு சாத்தாத வீடாக இருந்தது.

கதவு சாத்தாத வீடுன்னு சொல்றது சுலபம். அந்த ஊரில் அதுக்கு என்ன பொருள்னு யோசிங்க. கறுப்பின மக்கள் பாஸ் இல்லாம தெருவில் நடக்க முடியாது. ராத்திரி குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் நகரத்துக்குள் இருந்தா கைது. வெள்ளைக்காரங்க ஓட்டலில் கறுப்பருக்கும் இந்தியருக்கும் சாப்பாடு கிடையாது. அப்படின்னா வெவ்வேறு இனத்துத் தோழர்கள் கூட்டம் முடிஞ்சு எங்கே உட்கார்ந்து சாப்பிடுவாங்க? கடைசி பஸ்ஸை விட்டவர் எங்கே படுப்பார்? யாரோ ஒருத்தர் வீட்டில். அந்த வீட்டில் யாரோ ஒருத்தர் உலை வைக்கணும். மண்டேலாவுக்கு அம்மா நாயுடுவோட நண்டுக்குழம்பு பிடிக்கும்னு எழுதி வைச்சிருக்காங்க. எனக்கு அந்தத் தகவல் சந்தோஷமா இருக்கு, கொஞ்சம் எரிச்சலாவும் இருக்கு. நண்டுக்குழம்பு பதிவாயிடுச்சு. நண்டை யார் கழுவி உடைச்சாங்க, எத்தனை பேருக்கு, அந்த மாசச் செலவு எப்படித் தாக்குப்பிடிச்சது, இதெல்லாம் பதிவாகலை.

இவ்வளவு சொன்னதும் "ஓ, போராளிகளுக்குச் சமைச்சுப் போட்டவங்க" என்று முடிச்சிடக் கூடாது. இந்தியர்களை ஒதுக்கிக் குடியமர்த்த வந்த நிலச் சட்டத்தை எதிர்த்து 1946-ல் நடந்த போராட்டத்தில் அவங்க நேரடியா இறங்கி சிறை போனவங்க. 1956 ஆகஸ்ட் 9 அன்று சுமார் 20,000 பெண்கள் பாஸ் சட்டத்துக்கு எதிரா பிரிட்டோரியா அரசு மாளிகைக்கு நடந்தாங்களே, அதிலும் இருந்தாங்க. இந்தியப் பெண்களுக்கு அந்த பாஸ் கிடையாது. தன் கைக்கு வராத விலங்கை எதிர்த்து நடந்தாங்க.

அதே வருஷம் டிசம்பரில் தேசத்துரோக வழக்கு வந்தது. 156 பேர் மேல் வழக்கு, 1961 மார்ச் வரை இழுத்தடிச்சு, கடைசியில் எல்லாரும் விடுதலை. நடுவில் 1958-ல் விசாரணையை ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து பிரிட்டோரியாவுக்கு மாற்றினாங்க. குற்றம் சாட்டப்பட்டவங்க தினமும் பஸ்ஸில் அறுபது கிலோமீட்டர் போகணும், அறுபது கிலோமீட்டர் திரும்பணும். வேலை போச்சு, வருமானம் போச்சு. மதியச் சாப்பாட்டுக்கு என்ன வழி? பிரிட்டோரியாவில் தாயநாயகி பிள்ளை என்கிற பெண்மணியும் அங்கிருந்த இந்தியக் குடும்பங்களும் சமைச்சுக் கொண்டுவந்து ஒரு பாதிரியார் வீட்டுத் தோட்டத்தில் பரிமாறினாங்க. மண்டேலா தன் சுயசரிதையில் அதை நன்றியோடு சொல்றார். வழக்கைப் பிரிட்டோரியாவுக்கு மாற்றினதால் அவங்களைச் சோர்ந்துபோக வைக்கலாம்னு அரசாங்கம் போட்ட கணக்கில், இந்த மதியச் சாப்பாடு இல்லை.

இன்னொரு இடம். அதே புத்தகத்தில் அமீனா பஹாத் என்கிற குஜராத்தி முஸ்லிம் பெண்மணியைப் பற்றி மண்டேலா எழுதுறார். அவங்க வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போவாராம். திடீர்னு பார்த்தா, அந்த அன்பான பெண்மணி ஏப்ரனைக் கழற்றி வைச்சிட்டு சிறைக்குப் போயிட்டாங்க என்கிற மாதிரி ஒரு வரி. ரொம்பப் பிரபலமான வரி. அன்போடதான் எழுதியிருக்கார், எனக்கும் பிடிக்கும். ஆனா அந்தத் "திடீர்" யாருக்குத் திடீர்? சாப்பிட வந்தவருக்கு. அடுப்படியில் நின்னு வருஷக்கணக்கா எல்லாப் பேச்சையும் கேட்டுக்கிட்டிருந்தவங்களுக்கு அது திடீர் கிடையாது.

அம்மா நாயுடுவோட பிள்ளைகளுக்கு வர்றேன். 1963-ல் இந்திரஸ் நாசவேலை வழக்கில் பிடிபட்டார். பத்து வருஷம், ராபன் தீவு. ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து கேப் டவுன் சுமார் 1,400 கிலோமீட்டர். ஆரம்ப காலத்தில் கீழ்நிலைக் கைதிக்கு ஆறு மாசத்துக்கு ஒரு சந்திப்பு, அரை மணி நேரம். ஆங்கிலத்திலோ ஆப்பிரிக்கான்ஸிலோதான் பேசணும், காவலர் கேட்டுக்கிட்டே நிற்பார். எந்த அம்மாவும் தன் மொழியில் "சாப்பிட்டியா"ன்னு கேட்க முடியாது. சாப்பாட்டைச் சொன்னேன் இல்லையா, ராபன் தீவில் சாப்பாட்டிலும் இனம் உண்டு. இந்தியக் கைதிக்கும் கலப்பினக் கைதிக்கும் ரொட்டி, கறுப்பினக் கைதிக்கு ரொட்டி கிடையாது, மக்காச்சோளக் கஞ்சிதான். ராக்கி தெருவில் எல்லாரோடும் ஒரே சட்டியிலிருந்து சாப்பிட்டு வளர்ந்த பையன், அங்கே பக்கத்துத் தோழருக்கு இல்லாத ரொட்டியைக் கையில் வைச்சுக்கிட்டு நின்னிருக்கார்.

1969-ல் சாந்தியைப் பிடிச்சாங்க. 371 நாள் காவல், தனிமைச் சிறை. வின்னி மண்டேலா உள்ளிட்டவங்களுக்கு எதிரா சாட்சி சொல்லச் சொன்னாங்க, மறுத்துட்டார். அதுக்குத் தனியா தண்டனை. 1972-ல் திரும்பி வரக் கூடாதுங்கிற நிபந்தனையோடு நாட்டை விட்டுப் போனார். இந்திரஸும் பிறகு வெளியேறினார். எண்பதுகளின் தொடக்கத்தில் பிரேமாவுக்குச் சிறை. குற்றம் என்னன்னா, பிரிட்டோரியா சிறையிலிருந்து தப்பின ஒரு அரசியல் கைதிக்கு இடம் கொடுத்தது. அதாவது, அம்மா அந்த வீட்டில் வாழ்நாள் பூரா செஞ்ச வேலை. விருந்தோம்பல் என்று நாம் சொல்றது அங்கே சட்டப்படி குற்றம்.

1993-ல் அம்மா இறந்தாங்க. முதல் ஜனநாயகத் தேர்தல் 1994 ஏப்ரலில். ஓட்டுப் போடலை.

இப்போ வளைகுடா.

நான் ஷார்ஜாவில் பிறந்தவள். எங்கம்மா பாஸ்போர்ட்டில் இருந்த பழைய விசா ஸ்டிக்கரை நான் நல்லாப் பார்த்திருக்கேன். தொழில் என்கிற இடத்தில் அரபியில் "ரப்பத் பைத்". வீட்டுத் தலைவி. கூடவே வேலை செய்ய அனுமதி இல்லைன்னு ஒரு குறிப்பு. ஸ்பான்சர் இடத்தில் எங்கப்பா பேர். தனியா பெர்மிட் எடுத்தா வேலைக்குப் போகலாம், நிறைய பேர் போறாங்க, அது உண்மை. 2022-லிருந்து அந்த ஸ்டிக்கரே கிடையாது, எல்லாம் எமிரேட்ஸ் ஐடியில் போயிடுச்சு. ஆனா அடிப்படை மாறலை. கணவனோட வேலை இருக்கிறவரைதான் மனைவிக்கு இந்த ஊர்.

இன்னொரு பக்கமும் இருக்கு, நாம அதை அடிக்கடி மறந்துடுறோம். அமீரகத்தில் குடும்பத்தை அழைச்சுக்கிட்டு வர 4,000 திர்ஹம் சம்பளம் வேணும், இல்லைன்னா 3,000-மும் தங்குமிடமும். 2019-ல் வந்த விதி இது, அதுக்கு முன்னாடி தொழிலையும் பார்ப்பாங்க. சஜ்ஜாவிலோ சோனாப்பூரிலோ கேம்ப்பில் இருக்கிற ஸ்டீல் ஃபிக்ஸருக்கும் கிளீனருக்கும் அந்தச் சம்பளம் கிடையாது. அவரும் கல்யாணம் ஆனவர்தான். அவர் மனைவியும் இல்லத்தரசிதான், ராமநாதபுரத்திலோ பெரம்பலூரிலோ. அந்த வீட்டில் வாடகை கொடுக்கிறது, மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது, ஸ்கூல் மீட்டிங் போறது எல்லாம் அந்தப் பெண். இங்கே வந்து இல்லத்தரசியா இருக்கிறதே ஒரு வர்க்க அந்தஸ்து. எங்கம்மாவும் இதில் சேர்த்திதான்.

அந்த அந்தஸ்தை வைச்சுக்கிட்டு அவங்க என்ன செஞ்சாங்க? ரொம்பச் செஞ்சாங்க. எங்க பில்டிங்கில் மூணாவது மாடியில் ஒரு ஆன்ட்டி இருந்தாங்க, நாகர்கோவில் பக்கம். பேர் சொல்ல வேண்டாம். அவங்க போன் நம்பர் எத்தனை பேர் பர்ஸில் இருந்திருக்கும்னு தெரியலை. ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு தமிழ்ப் பையன் ஸ்ட்ரோக் வந்து பேச முடியாம கிடக்கிறான்னு நர்ஸ் போன் பண்ணுவாங்க. ஆன்ட்டி ரசம் சாதமும் டிபன் கேரியருமா டாக்சி பிடிச்சுப் போவாங்க. பையனோட ஊரைக் கண்டுபிடிக்கணும், வீட்டுக்குச் சொல்லணும், கம்பெனி பி.ஆர்.ஓ.வைப் பிடிக்கணும். யாராவது இறந்தா இறப்புச் சான்றிதழ், போலீஸ் அனுமதி, தூதரகத்தில் பாஸ்போர்ட் ரத்து, எம்பாமிங், கார்கோ என்று ஒவ்வொரு கவுன்டராப் போகணும். அவங்களுக்கு அந்த வரிசை மனப்பாடம். 2019 ஜனவரி வரைக்கும் ஏர் இந்தியாவில் உடலைக் கொண்டுபோக எடை போட்டுத்தான் காசு வாங்கினாங்க. கிலோவுக்கு இத்தனைன்னு. சமூக ஆர்வலர்கள் வருஷக்கணக்கா கத்தின பிறகுதான் பெரியவங்களுக்கு 1,500 திர்ஹம், 12 வயசுக்குக் கீழே 750 என்று ஒரே கட்டணம் வந்தது. பேப்பரில் சங்கத் தலைவர்கள் போட்டோ வந்தது, அவங்களும் உழைச்சவங்கதான். தராசுப் பக்கத்தில் நின்ன பெண்கள் போட்டோவில் இல்லை.

2020 உங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மே 7-ஆம் தேதி கேரளாவுக்கு முதல் விமானங்கள், அடுத்த நாள் சென்னைக்கு. அதில் இடம் கிடைக்க ஆன்லைனில் பதிவு பண்ணணும். ஆங்கிலத்தில் ஃபார்ம். கர்ப்பிணிகள், வேலை போனவங்க, நோயாளிகள் முதலில். டைனிங் டேபிளில் உட்கார்ந்து போனிலேயே பாஸ்போர்ட் நம்பர் கேட்டு கேட்டு அந்த ஃபார்மை நிரப்பினவங்க பாதிப் பேர் இந்த ரப்பத் பைத்துகள்தான். நானும் கூட உட்கார்ந்து டைப் அடிச்சேன். 2018-லும் 2024-லும் பொதுமன்னிப்பு வந்தப்போவும் இதே கதை.

இந்த வேலைக்கு இங்கே சட்டத்தில் இடம் குறைவு. அனுமதியில்லாம நன்கொடை வசூலிக்கிறது அமீரகத்தில் குற்றம், 2021-ல் அதுக்குத் தனிச் சட்டமே வந்திருக்கு. சங்கமா பதிவு பண்றதும் லேசு இல்லை. அதனாலதான் உதவி பெரும்பாலும் சாப்பாடாவும் பழைய துணியாவும் போன் காலாவும் இருக்கு. பணமா இருந்தா கணக்கு இருக்கும், ரசீது இருக்கும், பேர் இருக்கும். ரசத்துக்கு ரசீது இல்லை.

அம்மா நாயுடுவையும் மூணாவது மாடி ஆன்ட்டியையும் பக்கத்தில் வைச்சுப் பார்க்கிறப்போ எனக்கு ரெண்டு விஷயம் உறுத்துது.

ஒண்ணு, சாப்பாடு எந்தத் திசையில் போகுது என்பது. ராக்கி தெருவில் வெளியே நின்னவர் உள்ளே வந்து மேஜையில் உட்கார்ந்தார். இங்கே நம்ம சாப்பாடு பாக்கெட்டில் கட்டி கேம்ப் வாசலுக்குப் போகுது. நோன்பு மாசத்தில் தேரா பள்ளிவாசலில் கஞ்சிக்கு எல்லாரும் ஒரே விரிப்பில் உட்காருவாங்க, அது எனக்கு எப்பவும் பிடிச்ச காட்சி. ஆனா கேம்ப்பிலிருந்து ஒருத்தர் நம்ம ஃப்ளாட்டுக்கு வந்து வெள்ளிக்கிழமை மதியம் நம்மோடு உட்கார்ந்து சாப்பிட்டது எத்தனை தடவை? கேம்ப் தூரம், வாட்ச்மேன் கேட்பார், ஒருநாள்தான் லீவு, எல்லாம் சரி. ஜோஹன்னஸ்பர்க்கிலும் தூரமும் போலீஸும் இருந்தது. பாக்கெட் கொடுக்கிற கைக்கும் வாங்குற கைக்கும் நடுவில் இருக்கிற உறவு, ஒரே மேஜையில் உட்கார்ந்தா வேற மாதிரி ஆகும். சம்பளம் எத்தனை மாசம் பாக்கின்னு மேஜையில்தான் பேச்சு வரும்.

இன்னொண்ணு, ஞாபகம். அம்மா நாயுடு எப்படி நமக்குக் கிடைச்சாங்க? அவங்க ஒரே ஊரில் இருந்தாங்க, அந்த மண்ணிலேயே இறந்தாங்க. பிள்ளைகள் சிறை போனதால் வழக்கு ஆவணங்கள் இருக்கு, இந்திரஸ் எழுதின புத்தகம் இருக்கு, வாய்மொழிப் பேட்டிகள் இருக்கு. அவங்களை வேட்டையாடின அரசாங்கமே பாதி ஆவணத்தை உண்டாக்கிக் கொடுத்துடுச்சு. ஆன்ட்டிக்கு என்ன இருக்கு? 2019-ல் அங்கிளுக்கு ரிடயர்மென்ட், விசா கேன்சல், முப்பது வருஷ வீட்டை ரெண்டு கார்கோ பெட்டியில் கட்டிக்கிட்டுப் போனாங்க. ஊரில் அவங்களை "துபாய்க்காரம்மா"ன்னு சொல்வாங்களாம். இருந்தது ஷார்ஜான்னு சொன்னாலும் கேட்கிறதில்லை. போன வருஷம் அங்கேயே இறந்தாங்க. இங்கே இருக்கிறவங்களுக்கு வாட்ஸ்அப்பில் சேதி வந்தது. அவங்க யாரையெல்லாம் அனுப்பி வைச்சாங்களோ அவங்க திருச்சியிலும் சிவகங்கையிலும் சிதறிக் கிடக்காங்க, ஒருத்தருக்கொருத்தர் தெரியாது. ஒரு கூட்டம் போட இடமும் இல்லை, கூட ஆளும் இல்லை. வளைகுடா யாரையும் வைச்சுக்கிறதில்லை, அதனால யாருடைய ஞாபகமும் இங்கே தங்கறதில்லை.

தியாகம், தாய்மைன்னு இடதுசாரிகளான நாமும் பேசிட்டுப் போயிடுறோம். நம்ம அமர்வு யார் வீட்டிலாவது நடந்தா டீ யார் போடுறாங்கன்னு பார்த்திருக்கீங்களா? கடைசி மூணு கூட்டத்துக்கும் எனக்குத் தெரியும். போட்டவங்க யாரும் விவாதத்தில் ஒரு வார்த்தை பேசலை, ஏன்னா அவங்க உள்ளே இருந்தாங்க. இதைச் சொல்றதால யாருக்கும் கோபம் வந்தா அப்புறம் தனியா பேசிக்கலாம்.

ஒரு வேலை கேட்கிறேன். உங்க வீட்டில், உங்க பில்டிங்கில் இருபது வருஷத்துக்கு மேல் இங்கே இருந்த பெண்கள் கிட்ட உட்கார்ந்து போனில் ஒலிப்பதிவு பண்ணுங்க. ஊருக்குத் திரும்பிப் போனவங்க இருந்தா கால் பண்ணிப் பேசுங்க. "உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க"ன்னு கேட்காதீங்க, "என்னத்தைச் சொல்ல, வீட்டில்தானே இருந்தேன்"னுதான் பதில் வரும். எந்த வருஷம் வந்தீங்க, முதல் ரூம் எங்கே, வாடகை எவ்வளவு, முதல் தடவை யாருக்காக ஆஸ்பத்திரி போனீங்க, எந்த கவுன்டரில் யார் திட்டினாங்க, யார் உதவினாங்க, கிராசரியில் கடன் எவ்வளவு இருந்தது, அப்படிக் கேளுங்க. அவங்க அனுமதியோடு மட்டும். பேர் வேண்டாம்னா பேர் வேண்டாம், கோப்பில் ஒரு எண் போதும். இங்கே இன்னும் விசாவில் இருக்கிறவங்களோட பதிவை யாருக்கும் ஃபார்வர்டு பண்ணாதீங்க.

என்னுடைய ஆய்வுக்கும் இது உதவும், அதை மறைக்கலை. ஆனா பதிவுகள் குழுவோட சொத்து, என்னோடது இல்லை. எங்கம்மாவிடம் ஆரம்பிச்சிருக்கேன். இதுவரை நாப்பது நிமிஷம் ஆகியிருக்கு, இன்னும் 1994-ஐத் தாண்டலை, ரோலாவில் முதல் ரூமில் ஏசி ரிப்பேர் ஆன கதையிலேயே நிற்குது.

கேள்வி இருந்தா இப்போ கேட்கலாம். மைக்கை அன்மியூட் பண்ணிக்கோங்க, முதலில் பெண் தோழர்கள்.